வெள்ளைக் கல்லில் ஊதாப் புள்ளி

புதிதாக அமைத்த கடல்நீர்த் தொட்டி முதலில் வெள்ளை வெளேரென்று இருக்கும். காய்ந்த பாறை, கழுவிய மணல், உப்புக் கலக்கிய நீர், மேலே நீல ஒளி. சில வாரங்களில் மணலின் மேல் பழுப்புப் படலம் ஒன்று விரியும். அது டயாட்டம். நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா தீரும்வரை அதன் ஆட்சிதான். அது ஓய்ந்ததும் பச்சை நூற்பாசி பாறையைப் பிடித்துக்கொள்ளும். சில தொட்டிகளில் சிவப்புச் சளியாகச் சயனோபாக்டீரியா படரும். பலர் இந்தக் கட்டத்திலேயே மனம் வெறுத்துத் தொட்டியைக் கலைத்துவிடுகிறார்கள். பொறுத்திருப்பவர்களின் தொட்டியில் ஒரு நாள், பம்பின் கறுப்பு பிளாஸ்டிக் மேலோ பின்கண்ணாடியின் மூலையிலோ, குண்டூசித் தலையளவில் ஊதாப் புள்ளி ஒன்று தென்படும். விரலால் தேய்த்தால் அது வராது. நகத்தால் சுரண்டினால் கடினமாக இருக்கும். கோரலைன் பாசி வந்துவிட்டது என்று பொருள்.

பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்கள் இந்த ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் ஏங்குவது அழகுக்காக மட்டுமல்ல. தொட்டியின் நீர் வாரக்கணக்கில் ஒரே நிலையில் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் புள்ளிதான் சாட்சி. இதை வரவழைக்க என்ன மருந்து ஊற்றுவது என்றுதான் புதியவர்கள் முதலில் கேட்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பாசி எதைக் கொண்டு தன் உடலைக் கட்டுகிறது, எது அதைத் தடுக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கோரலைன் என்பது ஒரே இனம் அல்ல. சிவப்புப் பாசிகளில் நூற்றுக்கணக்கான இனங்கள் அடங்கிய ஒரு கூட்டம் அது. சில இனங்கள் பாறையின் மேல் ஓடாகப் படரும். சில இனங்கள் மூட்டுமூட்டாகக் கிளைத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. தங்கள் செல்சுவருக்குள் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தைப் படியவைத்துக்கொள்கின்றன. தொட்டுப் பார்த்தால் கல். உள்ளே ஒளிச்சேர்க்கை நடக்கிறது. இந்த இரட்டை இயல்பு அறிஞர்களையே நெடுங்காலம் குழப்பியது. லின்னேயஸ் இவற்றை விலங்குகளோடு சேர்த்து வைத்தார். துளையில்லாத பவளம் என்ற எண்ணத்தில் 'நல்லிப்போரா' என்ற பெயரும் வழங்கியது. ருடால்ஃப் ஃபிலிப்பி என்ற ஜெர்மானியர் 1837-ல் இவை தாவரங்களே என்று நிறுவினார். லித்தோஃபில்லம், லித்தோதாம்னியன் என்ற பேரினப் பெயர்களும் அவர் இட்டவை.

இவற்றின் நிறத்துக்குக் காரணம் ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமி. தண்ணீருக்குள் சிவப்பு ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். நீலமும் நீலப்பச்சையும்தான் ஆழம்வரை செல்லும். அந்த மிச்ச ஒளியைப் பிடிப்பதில் இந்த நிறமி கெட்டிக்காரன். பஹாமாஸில் சான் சால்வடார் தீவை ஒட்டிய கடலடி மலையொன்றில் நீர்மூழ்கியில் இறங்கிய ஆய்வாளர்கள், 268 மீட்டர் ஆழத்தில் ஓடாகப் படர்ந்த கோரலைனைக் கண்டதாக 1985-ல் அறிவித்தார்கள். மேற்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழ 0.0005 விழுக்காடுதான் அங்கே எட்டுகிறது. அத்தனை சிறிய வெளிச்சத்திலும் வாழும் செடி நம் தொட்டியில் வரவில்லை என்றால் விளக்கைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

கடலில் இவற்றின் வேலை என்ன என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பவளத்திட்டு என்றதும் பவளங்கள் மட்டுமே கட்டிய கோட்டை என்று நினைக்கிறோம். 1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் கீலிங் தீவுகளில் நங்கூரமிட்டபோது டார்வின் கவனித்தது வேறு. பேரலைகள் வந்து மோதும் வெளிவிளிம்பில், பவளங்கள் தாங்க முடியாத இடத்தில், நல்லிப்போராக்கள்தான் திண்டாகப் படிந்திருந்தன. 1842-ல் வெளியான பவளத்திட்டு நூலில் அதை அவர் விவரித்திருக்கிறார். அடித்தளம் அமிழ அமிழத் திட்டு மேல்நோக்கி வளர்கிறது என்ற தன் கொள்கையைச் சோதிக்க யாராவது ஒரு செல்வந்தர் பவளத்தீவு ஒன்றில் ஆழத் துளையிட்டுப் பார்க்கக் கூடாதா என்ற ஆசை அவருக்கு முதுமையிலும் இருந்தது. அவர் மறைந்த பிறகு, 1896 முதல் 1898 வரை, லண்டன் ராயல் சொசைட்டியின் முயற்சியில் பசிபிக்கின் ஃபுனாஃபுட்டி தீவில் அந்தத் துளை இடப்பட்டது. 340 மீட்டர் வரை இறங்கினார்கள். திட்டைக் கட்டிய உயிர்களின் பங்கை அங்கே ஆராய்ந்தவர்கள் லித்தோதாம்னியனை முதலிடத்தில் வைத்தார்கள். ஹாலிமீடா என்ற பச்சைப் பாசியும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளும் அடுத்து வந்தன. பவளத்துக்கு நான்காவது இடம். எல்லாத் திட்டுகளுக்கும் இந்த வரிசை பொருந்தாது. ஆனாலும் பவளம் தனியாக எதையும் கட்டவில்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது. சுவருக்குப் பவளம் கல் என்றால் கோரலைன் காரை. உதிர்ந்த துண்டுகளையும் சிப்பியோடுகளையும் மணலையும் ஒட்டிப் பிடித்து, அலைக்கு அசையாத தளமாக ஆக்குவது அதுதான்.

தளம் அசையாமல் இருந்தால்தான் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரும். மன்னார் வளைகுடாவின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் கொண்டுபோனார்கள். 2005 வாக்கில்தான் அது நின்றது. வெட்டிய இடங்களில் மிஞ்சியது உருளும் சல்லி. உருளும் கல்லில் இளம் பவளம் நிலைக்காது. தூத்துக்குடியைச் சேர்ந்த சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே பவளங்களை மீண்டும் நட்டு வளர்க்கும் பணியைச் செய்து வருகிறது. அதற்குச் செயற்கைத் தளங்கள் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

கோரலைனுக்கும் பவளத்துக்கும் இன்னொரு நுட்பமான உறவு உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் பவள லார்வா தண்ணீரில் மிதந்தபடி, எங்கே உட்காரலாம் என்று தேடுகிறது. பல இனங்களின் லார்வாக்கள் கோரலைன் படர்ந்த பரப்பைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. இதில் பாசியின் வேதிப்பொருளுக்கும் பங்கு உண்டு, பாசியின் மேல் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு. அந்த பாக்டீரியாக்கள் சுரக்கும் டெட்ராபுரோமோபிரோல் என்ற சேர்மம் லார்வாவை உருமாறத் தூண்டுகிறது என்று 2011-ல் கண்டறிந்தார்கள். பவளக் குஞ்சுகளை வளர்க்கும் ஆய்வகங்கள் தங்கள் ஓடுகளை முதலில் சில வாரங்கள் கடல்நீரில் ஊறப்போட்டு, கோரலைன் படிந்த பிறகே லார்வாக்களை விடுகின்றன. வீட்டுத் தொட்டியில் பவளம் முட்டையிட்டு லார்வா உட்காருவது அரிது. ஆனால் கோரலைன் பிடித்த பாறை பவளத்துக்கு இசைவான பாறை என்பதில் ஐயமில்லை.

இப்போது தொட்டிக்கு வருவோம். முதல் தேவை விதை. சிவப்புப் பாசிகளின் வாழ்க்கைச் சுழற்சியில் எந்தக் கட்டத்திலும் நீந்தும் செல் கிடையாது. விதைத்தூள்களுக்குக் கசையிழை இல்லை. தாய்ப்பாசியின் சிறு குழிகளிலிருந்து வெளிவரும் அவை நீரோட்டம் கொண்டுபோன இடத்தில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். பம்பின் மேல்தான் முதல் புள்ளி தோன்றுகிறது என்று பலர் சொல்வதற்கு நீரோட்டமே காரணமாக இருக்கலாம். காய்ந்த பாறையும் செயற்கை உப்பும் மட்டுமே உள்ள தொட்டியில் தாய்ப்பாசி இல்லை. எத்தனை கால்சியம் ஊற்றினாலும் அங்கே எதுவும் முளைக்காது. கடையில் கோரலைன் வளர்ப்பி என்ற பெயரில் விற்கும் புட்டிகளில் இருப்பது பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள்தான். அவை உரம், விதை அல்ல. வாங்குவதற்கு முன் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

விதை முன்பெல்லாம் லைவ் ராக்கோடு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டுமே வைத்துப் பவளத்தொட்டியை நடத்திக் காட்டினார். பின்னர் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதோடு கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் வலுவான ஒளியையும் சேர்த்து ஒரு முறையாக வளர்த்தார்கள். உலகமெங்கும் அது பரவியபோது டன் கணக்கில் பாறைகள் கடலிலிருந்து வெளியேறின. ஃபுளோரிடாவை ஒட்டிய அமெரிக்கக் கடலில் 1997-ல் காட்டுப்பாறை எடுப்பது தடைசெய்யப்பட்டது. அதன் பிறகு குவாரிக் கற்களைக் கடலடியில் போட்டு, உயிர் பிடித்த பிறகு எடுக்கும் பண்ணைமுறை அங்கே நிலைபெற்றது. இந்தியாவில் கல்பவளங்கள் 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ கரையொதுங்கிய பவளக்கல்தானே என்று எடுத்து வருவது குற்றம். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அந்தக் கல்லுக்குக் கடலில் வேலை இருக்கிறது.

நல்லவேளையாக, விதைக்குப் பாறை தேவையில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து ஊதா ஓடு பிடித்த ஒரு நத்தை போதும். பவளத் துண்டை ஒட்டி விற்கும் சிறு வட்டுகளின் ஓரத்திலேயே பெரும்பாலும் கோரலைன் இருக்கும். பழைய தொட்டியின் கண்ணாடியைச் சுரண்டிய தூளைக் கொண்டுவந்து தூவுவதும் வழக்கத்தில் உள்ள முறை. எனக்கு உயிருள்ள ஒரு துண்டை நீரோட்டத்தின் எதிரில் வைப்பதில்தான் நம்பிக்கை அதிகம். அது நாள்தோறும் தானே விதைத்துக்கொண்டிருக்கும். எந்த முறையானாலும் முதல் சில மணி நேரம் வடிகட்டித் துணியை எடுத்துவிட்டு, ஸ்கிம்மரையும் புறஊதா விளக்கையும் அணைத்து வைப்பது நல்லது. இன்னொருவர் தொட்டியிலிருந்து வரும் எதையும் உற்றுப்பார்த்தே உள்ளே விட வேண்டும். ஒரு ஐப்டேசியா அனிமோன் ஒட்டி வந்துவிட்டால் பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு.

இரண்டாவது தேவை நீர். இங்கேதான் பெரும்பாலான தொட்டிகள் தடுமாறுகின்றன. கால்சைட் ஓட்டைக் கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியமும் 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. கார்பனேட் வகையறாக்களின் இருப்பைக் காட்டும் அளவுதான் அல்கலினிட்டி. கடலில் அது 7 டி.கே.எச்.க்கு அருகில் இருக்கும். தொட்டியில் கால்சியத்தை 400 முதல் 450 வரையிலும், அல்கலினிட்டியை 8 அல்லது 9 டி.கே.எச். அளவிலும், மக்னீசியத்தை 1,250 முதல் 1,350 வரையிலும் வைத்திருந்தால் போதும்.

எண்கள் எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன. அவை எப்படிக் குறைகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 200 லிட்டர் தொட்டி ஒன்றில் ஒரு நாளில் அல்கலினிட்டி ஒரு டி.கே.எச். குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டி.கே.எச். என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அப்படியானால் அன்று மட்டும் சுமார் மூன்றரை கிராம் சுண்ணாம்பு எலும்புக்கூடாகவும் ஓடாகவும் மாறியிருக்கிறது. அதே வேளையில் கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் குறைந்திருக்கும். 420-ல் 7 போனால் நம் சோதனைப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. 8-ல் ஒன்று போனால் பாசிக்கும் தெரியும், பவளத்துக்கும் தெரியும். ஆகவே தினமும் பார்க்க வேண்டியது அல்கலினிட்டி. கால்சியத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். புதியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கால்சியம் என்ற சொல் பழகியது என்பதால் அதையே துரத்துகிறார்கள். கால்சியம் 450-ஐத் தாண்டியும் ஊதா வரவில்லையே என்று வருந்தும் தொட்டியில் அல்கலினிட்டி 5-க்கு இறங்கியிருப்பது அடிக்கடி நடப்பது.

குறைந்ததை ஈடுசெய்யப் பல வழிகள் உண்டு. கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனிக் கரைசலாக ஊற்றலாம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஊற்றினால் அங்கேயே வெள்ளையாகத் திரிந்துவிடும். பழமையான வழி சுண்ணாம்புத் தெளிநீர். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970-களில் இதைப் பரப்பினார். வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் தூய தரத்தில் வாங்க வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில் ஆர்.ஓ. நீரில் கலக்கித் தெளியவைத்து, ஆவியாகிப்போன நீருக்கு ஈடாகச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது கால்சியத்தையும் பைகார்பனேட்டையும், ஓடு கட்டத் தேவையான அதே விகிதத்தில் தருகிறது. விகிதம் தவறாது என்பது இதன் பெருமை. அந்தத் தெளிநீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். மொத்தமாகக் கொட்டினால் மீன் சாகும், கண்ணில் பட்டால் புண்ணாகும். குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டிய பொருள் இது.

மக்னீசியத்தின் வேலை இரண்டு. கோரலைன் கட்டும் கால்சைட்டிலேயே மக்னீசியம் கணிசமாகக் கலந்திருக்கிறது. அதோடு, கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே படிகமாகித் திரிந்துபோகாமல் தடுப்பதும் மக்னீசியம்தான். அது குறைந்தால் நாம் ஊற்றுவதெல்லாம் ஹீட்டரின் மேலும் பம்பின் சுழலியிலும் வெள்ளைச் செதிலாகப் படியும். பாசிக்குப் போய்ச் சேராது.

தடுப்பவற்றில் முதல் எதிரி பாஸ்பேட். கால்சைட் படிகத்தின் வளரும் முகப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் அடுத்த அடுக்கு படிவது தடைபடும். கூடவே நூற்பாசிக்கு அதுவே உணவு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் மாட்ஸ் பியோர்க்கும் அவருடைய சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கடலிலேயே காட்டியது. நகரத்தின் கழிவுநீர் கலக்கும் இடத்தை நெருங்க நெருங்கப் பாறைகளில் கோரலைன் குறைந்துகொண்டே போனது. பாஸ்பேட்டின் பங்கை ஆய்வகச் சோதனையிலும் உறுதிசெய்தார்கள். தொட்டிக்கு பாஸ்பேட் பெரும்பாலும் மீன் தீனியின் வழியே வருகிறது. நம் ஊரில் குழாய் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இன்னொரு வழி. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. முழுக்க வழித்தெடுத்துச் சுழியமாக்கினால் பவளமும் பட்டினி கிடக்கும். ஆர்.ஓ. கருவியோடு அயனி நீக்கும் ரெசினையும் சேர்த்துப் பிடித்த நீரில் உப்பைக் கலக்கினால் டயாட்டம் பிரச்சினையும் பாதி தீரும். வெப்பத்தைப் பொறுத்தவரை 25, 26 டிகிரி இதமானது. கோடையில் சென்னை போன்ற ஊர்களில் சில்லர் இல்லாமல் இதைக் காப்பது கடினம். அந்தச் செலவைக் கணக்கில் எடுத்த பிறகே தொட்டி வாங்க வேண்டும்.

இந்த வேதியியல் வீட்டுப் பொழுதுபோக்கோடு முடிந்துபோகவில்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 1991-ல் மனிதர்களை உள்ளே வைத்து மூடிய பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கட்டடத்தில் சுமார் 26 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள செயற்கைக் கடலும் இருந்தது. உள்ளே கரியமில வாயு ஏறியதும் கடலின் பி.எச். இறங்கியது. அதை ஈடுகட்ட அவர்கள் கொட்டியவை பைகார்பனேட், கார்பனேட் உப்புகள். ரீஃப் டேங்க்காரர்கள் கையாளும் அதே பொருள்கள். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்தக் கட்டடத்தை நடத்தியபோது, கிறிஸ் லாங்டன் குழுவினர் அந்தக் கடலின் கால்சியத்தையும் கார்பனேட்டையும் மாற்றி மாற்றிப் பல ஆண்டுகள் அளந்தார்கள். அங்கே சுண்ணாம்பு படியவைத்த உயிர்களில் கோரலைன் பாசிகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. கடல்நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகைச்செறிவில் இருப்பதால் கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் பாதகமில்லை என்ற கருத்து அதுவரை பரவலாக இருந்தது. லாங்டன் குழு 2000-ல் வெளியிட்ட முடிவு அதை உடைத்தது. செறிவு குறையக் குறைய ஓடு கட்டும் வேகமும் அதற்கேற்பக் குறைகிறது. தீங்கு தொடங்குவதற்கு ஓர் எல்லைக்கோடு இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து ஹவாயில் இல்சா குஃப்னர் குழு இன்னும் நேரடியான சோதனையை வெளியிட்டது. திறந்தவெளித் தொட்டிகளில் கடல்நீரை ஓடவிட்டு, பாதித் தொட்டிகளில் மட்டும் இந்த நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு அமிலத்தன்மையைக் கூட்டினார்கள். ஏழு வாரங்களில் அமிலத் தொட்டிகளில் கோரலைன் புதிதாகக் குடியேறும் வீதம் 78 விழுக்காடு குறைந்தது. அது மூடிய பரப்பு 92 விழுக்காடு குறைந்தது. சுண்ணாம்பு கட்டாத பாசிகள் 52 விழுக்காடு கூடின. மக்னீசியம் மிகுந்த கால்சைட் எளிதில் கரையக்கூடியது. பவளம் கட்டும் அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தைவிடவும் அது பலவீனமானது. ஆகவே கடல் அமிலமாகும்போது முன்வரிசையில் அடிபடுவது கோரலைன். இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது. திட்டின் காரை முதலில் பெயர்ந்தால் மேலே உள்ள கல் எத்தனை நாள் நிற்கும்?

இதே விளைவைச் சிறு அளவில் நம் வீட்டு அறையிலும் காணலாம். சன்னல்களை அடைத்து ஏ.சி. போட்ட படுக்கையறையில் இரவு முழுதும் இருவர் உறங்கினால் அறையின் கரியமில வாயு ஏறும். அது தொட்டி நீரில் கரையும். விளக்கு அணைந்திருப்பதால் ஒளிச்சேர்க்கையும் அதை எடுத்துக்கொள்ளாது. விடியற்காலையில் பி.எச். 7.8-க்குக் கீழே போய்விடும். அல்கலினிட்டி சரியாக இருந்தும் கோரலைன் மந்தமாக இருக்கும் தொட்டிகளில் இதைச் சோதித்துப் பார்ப்பது பயன் தரும். பகலில் கொஞ்சம் சன்னலைத் திறந்து வைப்பதும், ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளிச்சுவர்வரை நீட்டுவதும், சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் சொட்டவிடுவதும் பணம் அதிகம் கேட்காத தீர்வுகள்.

ஒளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலம் மிகுந்த மிதமான வெளிச்சம் போதும். புதிய எல்.இ.டி. விளக்கை முதல் நாளே முழு வீச்சில் வைத்தால், நிழலில் பழகிய கோரலைன் வெளுத்துப்போகும், நூற்பாசி கொண்டாடும். பெரும்பாலான தொட்டிகளில் பாறையின் குடைவுகளிலும் ஓரங்களிலும்தான் அது முதலில் பிடிக்கிறது. பிரகாசமான உச்சிக்கு ஏறும் இனங்கள் பிறகு வரும்.

மூன்றாவது தேவை வெற்றிடம். கோரலைன் மெதுவாக வளரும் பாசி. ஓரத்தில் மாதத்துக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வளர்ச்சி. அதற்குள் நூற்பாசி மேலே கூரை போட்டுவிட்டால் அது மூச்சுத் திணறும். இங்கே நத்தைகள் வேண்டும். நத்தை மேய்ந்தால் கோரலைனும் போய்விடாதா என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை அதன் உடல் அமைப்பிலேயே இருக்கிறது. மற்ற பல பாசிகளுக்கு வளரும் செல்கள் நுனியில் உண்டு. ஓடாகப் படரும் கோரலைனின் தடிமனைக் கூட்டும் செல்கள் மேல்தோலுக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. மேல்தோலைச் சுரண்டி எடுத்தால் கீழிருந்து புதுத்தோல் வரும். அதன்மேல் ஒட்டியிருந்த நூற்பாசி விதைகளும் தோலோடு போய்விடும். ராபர்ட் ஸ்டெனெக் அமெரிக்காவின் மேய்ன் கரையில் ஆராய்ந்து 1982-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அருமையான சான்று. கிளாத்ரோமார்ஃபம் என்ற கோரலைனின் மேல்தோல் மிகவும் தடிமனானது. அதை மேய்ந்தே வாழும் ஒருவகைக் குல்லாய் நத்தை அங்கே உண்டு. நத்தையை அப்புறப்படுத்தினால் பாசியின் மேல் வேறு உயிர்கள் படிந்து அதற்கே கேடாகிறது. தின்னப்படுவது அந்தப் பாசியின் தேவைகளில் ஒன்று.

ஆகவே தொட்டியின் சுழற்சி முடிந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமானதும், மீன்களுக்கு முன்பாகவே ட்ரோக்கஸ், டர்போ போன்ற நத்தைகளைச் சேர்ப்பது நல்லது. கடல் முள்ளெலிகள் வேறு ரகம். அவை நூற்பாசியோடு கோரலைனையும் ஆழமாகக் கடித்து, வெள்ளைத் தடம் போட்டுக்கொண்டே போகும். பாறை முழுக்க ஊதா பிடித்த பழைய தொட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். முதல் புள்ளிகள் தோன்றியிருக்கும் புதுத் தொட்டி தாங்காது.

இவ்வளவும் அமைந்தால் எத்தனை நாளில் வரும்? உயிருள்ள பாறையோடு தொடங்கினால் வாரக்கணக்கில் புதுப்புள்ளிகள் தோன்றும். காய்ந்த பாறையென்றால் மாதக்கணக்கு ஆகும். பாறை முழுதும் மூட ஓராண்டுகூட ஆகலாம். இடையில் ஊதா நிறத்தில் மென்மையாக ஏதாவது படர்ந்து, ஊதினாலே தகடாகப் பெயர்ந்து வந்தால் அது சயனோபாக்டீரியா, ஏமாற வேண்டாம். சந்தேகம் வந்தால் சுரண்டிய துணுக்கை வினிகரில் போட்டுப் பாருங்கள். கோரலைன் என்றால் நுரைக்கும். பம்பின் சுழலியில் கோரலைன் படிந்து அது திணறும்போது சுத்தம் செய்யவும் அதே வினிகர்தான் உதவும்.

முன்கண்ணாடியிலும் அது ஏறும். பார்வைக்குத் தேவையான அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாரந்தோறும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டிவிட்டு, பின்கண்ணாடியையும் பக்கங்களையும் அதன் போக்கில் விட்டுவிடலாம். அப்படி விடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஊதா பரவப் பரவ அதன் பசியும் கூடும். முதல் மாதங்களில் அல்கலினிட்டி அசையாமல் நின்ற தொட்டியில், கோரலைன் பிடித்த பிறகு அது நாளுக்கு அரை டி.கே.எச். வீதம் இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே சுண்ணாம்பு நீரைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தால் சில வாரங்களில் புதுப் பரப்பு வெளுக்கும். அதனால் முதல் புள்ளி தெரிந்த வாரத்திலிருந்தே அல்கலினிட்டியை ஒரே நேரத்தில், ஒரே சோதனைப் பெட்டியால் அளந்து எழுதிவைத்து, அது குறையும் வேகத்துக்கு ஏற்ப அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும்.